நூற்றைம்பது ரூபாய்க் கிளாரினெட்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பள்ளுருத்தியிலிருந்து சைக்கிளில் வந்தவர் இறங்காமலே சொன்னார்: "கிளாரினெட் மீரான் மௌத்தாயிட்டாரு. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

மட்டாஞ்சேரியில் எங்கள் பேண்டு செட்டைக் கேட்டவர்கள் அவரை அறிவார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை நிறுப்பார்; மாலையில் கல்யாண ஊர்வலங்களில் எங்களுக்கு முன்னால் நடந்து வாசிப்பார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். செட்டின் செயலாளர் நான்.

ஐம்பதுகளின் நடுவில், புதுக் கிளாரினெட் வாங்க அவரும் நானும் படகேறி எர்ணாகுளம் போனோம். பிராட்வே கடைத்தெருவில் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்; ஒன்று முந்நூறு, மற்றது நூற்றைம்பது. முந்நூறு ரூபாய்க் கருவியை மீரான் வாசித்தபோது தெருவில் போனவர்கள் நின்றார்கள். என் சட்டைப் பையில் செட்டின் பணம் முந்நூறு இருந்தது. ஆனால் எனக்குச் சரிகை வைத்த கோட்டுகள் மேல் ஆசை. எதிர் செட்டுக்காரர்கள் அப்படித்தான் உடுத்தினார்கள்.

"கையில நூத்தம்பதுதான் இருக்கு மீரான்," என்றேன்.

கருவியை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப மத்தது மதி அண்ணே, அதுவே போதும். பழகிட்டா சரியாயிடும்."

சரியாகவில்லை. மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் இணைப்பு தளரும். நூல் சுற்றி, மெழுகு தடவி, சில வருஷம் ஓட்டினார். ஒரு பெரிய வியாபாரி வீட்டு ஊர்வலத்தில் அது நடுவழியில் கிறீச்சிட்டது. கூட்டம் சிரித்தது. மீரான் நேரே கல்யாணப் பெண்ணின் வாப்பாவிடம் போனார். "குத்தம் என்னோடதுதான். மூச்சு போதல," என்றார். சரிகைக் கோட்டில் நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. மறுவாரம் அவரை நீக்கும் கடிதத்தை எழுதியதும் நான்தான்.

அடுத்து வந்தவர் அந்தக் கருவியை ஒரு தரம் ஊதிப் பார்த்துவிட்டு, "இதுல மனுஷன் வாசிப்பானா?" என்று திருப்பித் தந்தார். அவருக்கு நல்லதாக வாங்கினோம்.

கிட்டங்கி வழியே ஊர்வலம் போன ஒருநாள், மீரான் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார். "புது ஆளு நல்லா வாசிக்கிறாரு அண்ணே. என்னா மூச்சு!"

அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன்.

அடக்கத்துக்கு முன், திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னார்: "உங்களைத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு அண்ணே. 'என் மூச்சால செட்டுக்குப் பேர் கெட்டுது, அண்ணன் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல'ன்னு."

கபுரில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அன்று சிரித்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும்: மீரான் அவர்களின் மூச்சில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை என் பையில் இருந்தது. நாளைக் காலை அந்தத் திரைக்கு முன்னால் நின்று இதையே சொல்வேன்.

போய் வாருங்கள், மீரான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் நேரம் கடந்துவிட்டது, ஆனாலும் கேட்கிறேன்.