புருல்சா பங்கு போட்ட மாத்திரை

புருல்சா எனக்குப் பதினைந்தாயிரம் சோம் பாக்கி வைத்திருந்தாள். மூன்று மாதக் கடை வாடகை. கிர்கிஸ்தானில் எங்கள் நரின் ஊர்ச் சந்தையில் வரிசையாக நிற்கும் ஆறு கன்டெய்னர் கடைகளும் என்னுடையவை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆடு மேய்த்து, லாரி ஓட்டி, ஒவ்வொன்றாக வாங்கினேன். வாடகையை விட்டுக்கொடுத்து இந்த நிலைக்கு வரவில்லை.

கடைசிக் கடை அவளுடையது. தகரக் கூரைக்குக் கீழே தந்தூர் அடுப்பு வைத்து, கறியும் வெங்காயமும் அடைத்த சம்சா சுடுகிறாள். பல வருடமாகச் சர்க்கரை வியாதி. இருட்டோடு வந்து இருட்டோடு போகிறவள். குளிர்காலத்தில் அவள் முகத்தில் வெயில் பட்டு நான் பார்த்ததே இல்லை. சந்தையில் எவனாவது தும்மினால் காய்ச்சல் முதலில் அவளைத்தான் பிடிக்கும். மற்றவர்கள் நாலு நாளில் எழுந்துவிடுவார்கள். அவளுக்குச் சர்க்கரை எகிறி, மூன்று வாரம் படுக்கை, கடைக்குப் பூட்டு. பாக்கி அப்படிச் சேர்ந்ததுதான்.

குளிர் தொடங்கும்போதே சொல்லிவிட்டேன். "மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகைக்குள்ள பணம் வரணும். இல்லேன்னா கடைய வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

"விட்டுத்தான் பாருங்களேன் அண்ணே. அடுப்பு என்னோடது. அதைப் பேர்க்க வர்றவன் வெந்துதான் வெளிய போவான்."

அந்த வாரம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தலாய்பெக் என்ற இளம் டாக்டர் வந்தான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் ஃப்ளூ மாதிரியான தொற்று குறையுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. புருல்சா பெயர் கொடுத்தாள். இந்த ஒரு குளிர்காலம் படுக்காமல் தாண்டினால் கடை தப்பும் என்று நினைத்தாள். உள்ளே எண்ணெய் அடைத்த மாத்திரை ஒரு புட்டி கொடுத்து, தினம் ஒன்று சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னான்.

அவள் நிதானமாகச் சாப்பிடுவது காலைத் தேநீரின்போதுதான், சந்தைக்காரர்கள் எங்கள் நடுவில். சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி ஆள் உட்கார்ந்திருக்கும்போது எதையும் தனியாக வாயில் போடுவது எங்களிடம் கிடையாது. புட்டியைத் திறந்தாள், ரொட்டியைப் பிட்டு வைப்பதுபோல ஆளுக்கொன்று வைத்தாள். கறிக்கடை சாதிருக்கு, கம்பளி விற்கும் ஊல்கானுக்கு, எனக்கு. எனக்கு ஒரு வியாதியும் இல்லை, எழுபது தாண்டியும் மூட்டை தூக்குகிறேன். இருந்தாலும் விழுங்கினேன். வைத்ததை மறுக்க முடியுமா?

மாதக் கடைசியில் டாக்டர் வந்து புட்டியைக் குலுக்கினான். சத்தமே இல்லை.

"கொஞ்சம் மிஞ்சியிருக்கணுமே அக்கா?"

"ஒரு வாரத்துல தீர்ந்துபோச்சு. இவ்வளவு சின்ன புட்டி நாலு பேருக்கு எந்த மூலைக்குத் தம்பி?"

"நாலு பேரா!"

சாதிர் குறுக்கே விழுந்தான். "எனக்கு முட்டி வலி கொறஞ்சிருக்கு டாக்டர்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். "பாதிப் பேருக்குத்தான் இதுல வைட்டமின். மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அப்பத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சொல்லித்தானே கையெழுத்து வாங்கினேன்?"

"நீ சொன்னப்போ சம்சா கருகிட்டிருந்துச்சு, எனக்கு எங்க காது கேட்டுச்சு! அப்போ என் விரிப்புல உக்காந்தவங்களுக்கு வெறும் எண்ணெயா வச்சேன்?"

"இனிமே உங்களை இதுல வச்சுக்க முடியாது அக்கா. ஆராய்ச்சியே கெட்டுடும்."

"வச்சுக்காதே. ஆளுங்களுக்கு முதுகைக் காட்டிட்டு முழுங்குற பழக்கம் எனக்கு வராது. ஆனா என் ரத்தத்தை எடுத்துப் பாத்துட்டுத்தான் நீ இங்கருந்து நகரணும். என் உடம்புல என்ன கொறச்சல்னு எனக்குத் தெரியணும்."

நல்ல பையன், எடுத்தான். வைட்டமின் டி மிகக் குறைவு என்று வந்தது. மருந்துக்கடையில் எந்த அளவு வாங்குவது என்று எழுதிக் கொடுத்தான்.

"இது எலும்புக்கு வேணும் அக்கா. ஃப்ளூவைத் தடுக்குமான்னு இன்னும் தெரியல. அதனால தடுப்பூசிய விடாதீங்க, சர்க்கரை மாத்திரையையும் விடாதீங்க."

"எல்லாத்தையும் பண்றேன். எது காப்பாத்துதோ காப்பாத்தட்டும்."

அதன்பிறகு விரிப்பை விரிப்பதற்கு முன்பே, சுட்ட சம்சாவில் ஒரு வாயோடு, நின்றபடியே விழுங்கினாள். விரிக்காத விரிப்பில் எவனுக்கும் பங்கில்லை என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள்.

ஜனவரி பிறந்ததும் காய்ச்சல் சந்தைக்குள் வந்தது. சாதிர் விழுந்தான், ஊல்கான் விழுந்தாள். எனக்கு இரண்டு நாள் உடம்பு சுட்டது, அதையெல்லாம் நான் காய்ச்சலில் சேர்ப்பதில்லை. புருல்சாவும் படுத்தாள். பார்க்கப் போனேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"பாதியை விட்டுடறேன், நீ நிம்மதியாப் படு" என்றேன்.

"படுத்திருக்கிறவகிட்ட வந்து தர்மம் பேசாதீங்க அண்ணே. மொத்தப் பாக்கியையும் உங்கள வாங்கிக்க வைக்காம விடமாட்டேன்."

ஒரே வாரத்தில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். மாத்திரையா, ஊசியா என்று டாக்டரைக் கேட்டேன். ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்றான். அவளைக் கேட்டால், "என் திமிர்" என்கிறாள்.

நவ்ரூஸுக்கு முதல் நாள் அவள் கடை முன்னால் நிற்க இடமில்லை. கூட்டம் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"கையை நீட்டுங்க."

"எண்ண வேண்டாம், நம்பறேன்."

"நீங்க நம்பறதுக்கு இல்ல. இந்த வரிசை முழுக்கக் கேக்கணும்."

வெங்காய வாடை வீசும் நோட்டுகளை ஒவ்வொன்றாக, உரக்க எண்ணி, பதினைந்தாயிரத்தையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.