பின்சுவரின் வாசல்

கழுகுமலைச் சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் பெண்களுக்காகக் கழிப்பறை கட்டியபோது, அதன் வாசலை மினிபஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே வைத்தார்கள். நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை. அதன் பெஞ்சில் காலை முதல் மாலை வரை ஊரின் ஆண்கள். ஜீப்பில் போகும் அதிகாரிகள் இறங்காமலேயே வாசலுக்கு மேல் பதித்த கல்வெட்டை வாசிக்க வேண்டும் என்ற தொலைநோக்கு அது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் உள்ளே எட்டிப் பார்த்துத் திருப்தி தெரிவித்தார். எனக்குத் தெரிந்து, முன்வாசலைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான்.

பெண்கள் பழையபடி விடியுமுன் சீமைக்கருவேல் அடர்ந்த வேலிக்காட்டுக்குப் போனார்கள், பகலில் அடக்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஆபீஸ் என்று சொல்லப்படும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் கழிப்பறை கிடையாது. அங்கே வேலைபார்த்த அம்மா ஓர் எளிய உபாயம் வைத்திருந்தாள்: தண்ணீர் குடிப்பதில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அவளுக்கு மூன்றாம் முறையாக நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற கோவில்பட்டி டாக்டர், நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சீட்டில் எழுதினார். குடித்தபின் எங்கே போவது என்பதை எழுதவில்லை. அது அவருடைய துறை அல்ல.

வாசலைப் பின்பக்கம் மாற்றித்தரக் கேட்டுப் பஞ்சாயத்துத் தலைவரிடம் பெண்கள் நாலு பேர் போனோம். இலக்கியம் படிப்பவள் என்பதால் மனு எழுதும் பொறுப்பு எனக்கு. தலைவர் அதை முழுவதும் வாசித்து, என் கையெழுத்தைப் பாராட்டினார்.

"வாசல பின்னால வச்சா இப்படியொரு கட்டடம் இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் எங்கள் கோரிக்கை.

மனுவைக் கரிசல் மண் பரிசீலித்தது. வெளியூர் ஒப்பந்தக்காரர் செம்மண் தரையில் போடுவதுபோல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டிருந்தார். ஐப்பசி மழையில் மண் உப்பியது, சித்திரை வெயிலில் பிளந்தது. அடுத்த மழையில் பின்சுவரிலிருந்து ஒரு கதவின் அகலத்துக்குச் செங்கல் சரிந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் மீதியைக் கடப்பாரையால் நெம்பிச் சீராக்கி, சாக்குப் படுதா ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பின்னால் வேலிக்காடு, போவதும் வருவதும் எவர் கண்ணிலும் படாது. பெண்கள் அவரவர் குடத்தில் தண்ணீரோடு வரத் தொடங்கினார்கள்.

கட்டடத்தை ஆய்வு செய்ய அதிகாரி வருகிறார் என்றதும் தலைவர் கொத்தனாரோடு வந்துசேர்ந்தார். இடிந்த சுவரை அடைக்க வேண்டுமாம். அம்மா தன் குடத்தைத் திறப்பின் நடுவில் இறக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அண்ணாச்சி, முன்னால எம்புட்டு வேணும்னாலும் பூசுங்க. கல்வெட்டுக்குப் புதுப் பெயிண்டும் அடிங்க. ஜீப்புல வாரவிய அதத்தான பாப்பாக. இங்கன மட்டும் கைய வைக்காதீங்க."

"அடைச்சீங்கன்னா, வாரவியள நாங்க விடியக்கால போற காட்டுக்கே கூட்டிட்டுப் போயி காட்டுதோம்" என்றாள் அத்தை.

தலைவர் கல்வெட்டுப் பக்கம் கைகாட்டினார். கொத்தனார் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். ஆய்வுக்கு வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கல்வெட்டு அவ்வளவு துலக்கமாக இருந்தது.

மறுநாள் அம்மா ஆபீஸுக்குத் தூக்குவாளியோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோனாள். மாலையில் அது காலியாகத் திரும்பி வந்தது.