கயிற்று நீளத்தில் ஒரு பசு

இடது கண் போன பிறகு எனக்குப் பிடிபடாமல் போன முதல் பொருள் தேநீர்க் கோப்பை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அக்கா நீட்டுவார். நானும் கையை நீட்டுவேன். கோப்பைக்கு ஒரு சாண் முன்னாலேயே என் விரல்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு மூடிவிடும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் திருத்தும் வேலை. ஒரு நாள் கப்பலின் அடிப்பக்கத்தில் துருவைக் கொத்திக்கொண்டிருந்தபோது செதில் ஒன்று தெறித்துக் கண்ணுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். வலி சில வாரங்களில் ஆறியது. தூரம்தான் திரும்பி வரவில்லை. படிகள் எங்கே முடிகின்றன என்று தெரியாது. தெருவில் எதிரே வருகிறவர் கிட்ட வந்துவிட்டாரா, இன்னும் தள்ளித்தான் நிற்கிறாரா என்று புரியாமல் இடித்துக்கொள்வேன். மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போய், அறையை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டேன். அக்கா ஒரு நாள் வந்து, ஒன்றும் கேட்காமல் என் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி, தம்பலகாமத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் நான் முன்பு வாங்கிய மடிப்புக் கமராவையும் உடுப்புகளோடு சேர்த்து வைத்திருந்தார்.

அத்தானுக்குக் கொஞ்சம் வயலும் சில பசுக்களும் இருந்தன. நான் போய்ச் சேர்ந்த வாரம் மாரி தொடங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முகம் காட்ட விருப்பமில்லாமல் மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே இருந்தேன். ஒற்றைக் கண்ணுக்கு அந்த மழைக்கால வயல் சுவரில் தொங்கவிட்ட சீலைபோலத் தெரிந்தது. எல்லாம் ஒரே தளத்தில் இருந்தன. வரம்பில் நின்ற எருமையின் முதுகில் தூரத்து மலை முளைத்திருந்தது. கொக்கு ஒன்று பறந்து வந்து தென்னையின் ஓலையிலா, வானத்திலா, பசுவின் கொம்பிலா உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது. மழை விட்டு விட்டுப் பெய்ய, அந்தச் சீலை நனைந்து கனத்து மெல்ல அசைவதுபோல இருக்கும். அது எனக்குப் பயமாக இருக்கவில்லை. யாரும் என்னிடம் எதையும் நீட்டாத உலகம் அது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கமராவை வெளியே எடுத்தேன். மற்றவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் அதற்குள் பார்க்கவேண்டும். எனக்கு அந்த வேலை மிச்சம். பசுக்களையும் கன்றுகளையும் எடுத்தேன். வரம்போரமாகப் போன எருமைகளையும் விடவில்லை. அத்தான் பட்டணத்துக்குப் போனபோது பிலிம் சுருளைக் கொடுத்துவிட்டேன். படங்கள் வந்தபோது அக்காதான் முதலில் பார்த்தார்.

"மாடெல்லாம் மழையில கரைஞ்சு போச்சுப் போல கிடக்கு" என்றார்.

உண்மைதான். பின்னால் இருந்த வேலிக்கம்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. முன்னால் நின்ற பசு வெறும் புகை. அந்தக் கமராவில், படம் எடுக்கும் பொருள் எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று நாமே மட்டுக்கட்டி ஒரு வளையத்தைத் திருப்பி வைக்கவேண்டும். எனக்கு இல்லாமல் போனதையே அது கேட்டது. நான் அதை அக்காவிடம் சொல்லி, "இனி இது என்னால ஏலாது" என்றேன்.

அக்கா படங்களைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "சிவலையைக் கட்டியிருக்கிற கயிறு எத்தனை அடி எண்டு உனக்குத் தெரியுந்தானே? அவ எப்பவும் எட்டாத புல்லுக்குத்தான் இழுத்துக்கொண்டு நிற்பா. நீ முளையடியில நிண்டு எடு."

சிவலை எங்கள் சிவப்புப் பசு. முளை என்பது அதன் கயிற்றைக் கட்டித் தரையில் அடித்திருந்த கட்டை. நான் முளைக்குப் பக்கத்தில் குந்தி, வளையத்தைக் கயிற்றின் அளவுக்குத் திருப்பிவைத்துக் காத்திருந்தேன். சிவலை கயிறு விறைக்கும்வரை போய், கழுத்தை நீட்டிப் புல்லை எட்டப் பார்த்தது. அடுத்த முறை வந்த படத்தில் அதன் இமை மயிரைக்கூட எண்ணலாம். அந்தப் படத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு எல்லாவற்றையும் கயிற்று நீளத்தில் எடுத்தேன். ஆட்டையும் கன்றையும் ஒரே அளவுக் கயிற்றில் கட்டச் சொல்லி அக்காவைக் கரைச்சல்படுத்தினேன். பயிர் முழங்கால் உயரம் வந்து, பச்சை மெல்ல மஞ்சளாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. முளையடியில் குந்தியிருந்து, வெளிச்சம் வரட்டும் என்று காத்திருக்கும் நேரமே அதிகம். அப்படி இருந்தபோதுதான் பசுவின் பார்வையைக் கவனித்தேன். அது என்னை நேருக்கு நேர் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்த்தது. சந்தேகம் தீராமல் மற்றப் பக்கம் திருப்பிப் பார்த்தது. அதன் காலடியில் நின்ற கொக்கு கழுத்தை இங்குமங்கும் ஆட்டி ஆட்டி ஒரு பூச்சியை அளந்து, குறி தப்பாமல் கொத்தியது. நானும் உட்கார்ந்த இடத்திலேயே மெல்ல இடமும் வலமும் ஆடிப் பார்த்தேன். சிவலை அசைந்தது. அதற்குப் பின்னால் நின்ற பனை அதைவிடக் கொஞ்சமாக அசைந்தது. மலை அசையவே இல்லை. திரும்பவும் ஆடினேன். சுவரில் தொங்கிய சீலை மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் தன் இடத்துக்குப் போய் நின்றது.

அதன் பிறகு நடக்கும்போதும் ஆடினேன். நான் எங்கேயோ கள்ளுக்குடிக்குப் பழகிவிட்டேனா என்று அத்தான் அக்காவிடம் இரகசியமாக விசாரித்தாராம்.

அறுவடை நெருங்கியபோது பக்கத்து வளவுக்காரரின் சினைப் பசு ஒன்று குறைமாதத்தில் கன்று வீசிவிட்டது. சில நாட்களுக்கு முன்புதான் நான் அதைப் படம் எடுத்திருந்தேன். ஒற்றைக் கண்ணன் ஒற்றைக் கண் பெட்டியால் பார்த்த கண்ணூறு என்று கதை பரவியது. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. நான் வரும் வழியில் கட்டியிருக்கும் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு அதை எடுக்காமல் விடும் தம்பி. நாங்கள் இந்தச் சனத்தோடதானே இருக்கவேணும்."

நான் ஓம் என்றேன். அக்கா கமராவை அலுமாரிக்குள் வைத்தார். வைத்துவிட்டுக் குசினிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வெட்டு முடிந்து சூடு மிதித்தார்கள். நெல் உதிர எருமைகள் கதிர்களின் மேல் வட்டம் வட்டமாக நடந்தன. விடியும்போது களத்தில் வைக்கோல் தூசி எழுந்து, சூரியன் அதற்குள் புகுந்து, எருமைகளின் கால்கள் தெரியாமல் அவை பொன்னிறப் புகையில் மிதந்து போயின. நான் கையில் ஒன்றுமில்லாமல் தூர நின்று பார்த்தேன். அந்த முதல் எருமை பதினைந்தடியில் வருகிறது, அடுத்தது இருபதில் என்று எனக்குள் தானாகவே ஓடியது. கைகளுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்கு வந்த துக்கம் கண் போனபோது வந்ததைவிடப் பெரிது.

வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கியது. வயல்கள் வெடித்தன. குளம் நடுவுக்குச் சுருங்கிவிட, சுற்றுவட்டாரத்து மாடுகளெல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரைத் தேடி வந்தன. கிண்ணியாவிலிருந்து ஒரு பெரியவரும் தன் எருமைப் பட்டியை ஓட்டிவந்தார். தயிர் வியாபாரம் செய்கிறவர். அக்கா வீட்டுக்கும் சட்டியில் தயிர் கொண்டுவருவார். ஒரு நாள் தயிரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"படம் எடுக்கிற ஆள் நீங்கதானே தம்பி? நான் ஹஜ்ஜுக்கு மக்கத்துக்குப் போறன். கப்பல்ல போய்த் திரும்பிவர மாசக்கணக்காகும். வீட்டாக்களுக்கு எல்லாம் சொல்லியாச்சு. நம்மட கிழட்டு எருமைக்குத்தான் சொல்ல ஏலாது. அவட படம் ஒண்டு கையில இருந்தா நல்லம்."

என் கண்ணைப் பற்றி ஊரில் சொல்வதை அவர் கேள்விப்படவில்லையா என்று கேட்டேன்.

"கேள்விப்பட்டன். அதுக்குத்தான் நானும் பக்கத்தில நிக்கிறன். பட்டா ரெண்டு பேருக்கும் படட்டும்."

அக்கா நான் கேட்பதற்கு முன்பே அலுமாரியைத் திறந்துவிட்டார். அத்தான் வாசலில் நின்றபடி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எருமை குளத்துக்குள் கிடந்தது. ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. தலையும் முதுகின் மேட்டுப்பாகமும் மட்டும் தண்ணீருக்கு மேலே. வெயில் ஏறியபின் அதை வெளியே வரவைக்க யாராலும் முடியாது. பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அதன் கழுத்தில் கை போட்டு நின்றார். நானும் இறங்கினேன். கயிறும் இல்லை, முளையும் இல்லை. சேறு காலை இழுத்தது. தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்து, மனிதனும் எருமையும் அதில் ஒட்டிவைத்ததுபோல இருந்தார்கள். கமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மெல்ல ஆடினேன். எருமையின் கொம்பு பெரியவரின் தோளைத் தாண்டி நகர்ந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பட்டமரம் நகர்ந்தது. அணைக்கட்டு நின்ற இடத்திலேயே நின்றது. வளையத்தைத் திருப்பினேன். எருமை தலையைச் சரித்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. எடுத்தேன்.

படத்தை வாங்க இந்த முறை நானே பட்டணம் போனேன். எருமையின் காதோரத்தில் ஒட்டியிருந்த ஈரச் சேறும் பெரியவரின் விரல்களும் துல்லியமாக விழுந்திருந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்து, தொப்பிக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டு போனார். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதமே, கன்று வீசிய பசுவின் சொந்தக்காரர் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் படம் எடுக்க வருவேனா என்று அத்தானிடம் கேட்டனுப்பினார். அத்தான் அதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அடுத்த மாரிக்கு முன் துறைமுகக் களஞ்சியத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பெரியவர் மக்கத்திலிருந்து திரும்பியதும் என்னைத் தேடி அங்கே வந்தார். கப்பலில் மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டியபோது இவர் எருமையைக் காட்டினாராம். யாரும் சிரிக்கவில்லையாம். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் மாடுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, அன்றைய பொழுது அப்படியே போனதாம். வீட்டுக்கு வந்ததும் நேரே பட்டிக்குப் போய் எருமையைப் பார்த்தாராம்.

"என்னைப் பார்த்தும் பாராதமாதிரி நிண்டா. கோவம் போல."

விடுமுறை நாட்களில் தம்பலகாமம் போகும் பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்க, கிட்ட உள்ளவை வேகமாகவும் தள்ளி உள்ளவை ஆறுதலாகவும் போகும். பார்ப்பதற்கு நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. மார்கழியில் சில காலைகளில் பனிமூட்டம் வயலை மூடி, பஸ்ஸும் மாடுகளுக்காக நின்றுவிடும். அப்போது எல்லாம் மறுபடி ஒரே தளத்துக்கு வந்துவிடும். எருமைகளும் வரம்பும் மலையும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். நான் தலையை அசைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன், பஸ் புறப்படும்வரை.