முனியாண்டிக்கு விட்ட கிடா

என் இடது தோளில் ஒரு பல் தடம் இருக்கிறது. பெண்குதிரை கடித்தது. வலது முழங்காலுக்குக் கீழே உள்ள பள்ளம் ஆண்குதிரையின் உதை. கைகளில் இருக்கும் கீறல்களுக்குக் கணக்கே கிடையாது, எல்லாம் பூனையின் கைங்கரியம். பிராணிகளோடு இருந்தால் மனதுக்கு நிம்மதி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் ஒருநாள் காலையில் எங்கள் லாயத்துக்கு வந்து பார்க்கட்டும்.

இந்தத் தீவில் ஜார்ஜ் டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் போகிற பக்கம், மலையடியில் எங்கள் இடம். இரண்டு குதிரைகள், பத்துப் பன்னிரண்டு செம்மறிகள், இரண்டு நாய்கள், ஒரு பூனை. பந்தய மைதானத்தில் நான் பல வருடம் குதிரை பார்க்கும் வேலையில் இருந்தேன். இனி ஓடாது என்று கழித்துவிட்ட இரண்டு குதிரைகளை வேலையை விட்டு வரும்போது கையோடு கூட்டிவந்தேன். இப்போது கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பதுதான் அவற்றின் பிழைப்பு. என் கணவருக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. தினமும் கடல் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் வருவார்.

அவர் கிளம்பிய பிறகு காலைச் சண்டை தொடங்கும். பூனை ஓர் எலித் தலையைக் கடித்துத் தீவன மூட்டையின் மேல் வைத்திருக்கும், எனக்குப் பரிசாம். நாய்கள் சாக்கடையிலிருந்து உடும்பை இழுத்துவந்து ஆளுக்கொரு பக்கம் கிழிக்கும். தீவனம் தாமதமானால் ஆண்குதிரை பலகையை உதைக்கும். நான் மட்டும் சாதுவா என்ன? கத்துவேன். வாளியை வீசுவேன். கோபம் தலைக்கேறினால் துடைப்பத்தாலும் போடுவேன். பெண்குதிரையை மட்டும் நான் அடித்ததில்லை. கடித்துவிட்டு அதே இடத்தில் மூக்கை வைத்துத் தேய்க்கும், பிறகு எங்கே அடிப்பது?

அடித்ததில்லை என்றேன். ஒரே ஒரு நாள் அடித்தேன். அன்று கணவருக்கு விடுமுறை. மதியம் அதற்கு வயிற்றுவலி கண்டது. தொப்பென்று தரையில் விழுந்து புரண்டது, தலையைச் சுவரில் மோதியது. குதிரை அப்படிப் புரண்டால் குடல் முறுக்கிக்கொண்டு செத்துவிடும், எப்படியாவது எழுப்பி நடக்கவிட வேண்டும். கணவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து கயிற்று நுனியால் விளாசினேன். அதன் உதடு கிழிந்து என் சட்டையெல்லாம் ரத்தம். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, சாயங்காலம் வரை பார்ப்போம் என்று சொல்லிப் போனார்.

கணவரால் சும்மா நிற்க முடியவில்லை. பட்டிக்குள் போய் ஒரு பழுதில்லாத இளம் கிடாவைத் தூக்கிவந்தார். அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, கோயில் இருக்கும் மேற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

“முனியாண்டி, குதிரைய எழுப்பி விட்டுருய்யா. இந்தக் கெடா ஒனக்குத்தான்.”

பொழுது சாயும் நேரத்தில் குதிரை லத்தி போட்டது, குடல் இளகிவிட்டது. அந்தச் சூட்டோடு நான் அதை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தேன். அவர் அழுதார். பிழைத்துக்கொண்டது.

சாமிக்கு விட்ட கிடாவைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, அது தின்பதைத் தடுக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எங்கள் ஆட்களில் யாரும் அதை மீற மாட்டார்கள். அடுத்த பூசையிலேயே வெட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதற்குள் மாமனார் இறந்துவிட்டார். வீட்டில் சாவு விழுந்ததால் ஒரு வருடத்துக்குக் கோயில் காரியம் எதுவும் இல்லை என்றாகிவிட்டது. அந்த ஒரு வருடத்தில் கிடா மளமளவென்று வளர்ந்தது. கொம்பு இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றது. தன்மேல் எந்தக் கையும் படாது என்பதை அது தெரிந்துகொண்டது.

ஒரு நாயை முட்டி விலா எலும்பை ஒடித்தது. லாயத்தின் அரைக்கதவை முட்டி முட்டித் தாழ்ப்பாளை ஆட்டம் காண வைத்தது. குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் கணவரை இடித்துக் குப்புறத் தள்ளியது. அவருக்கு உதடு வீங்கிவிட்டது. நான் துடைப்பத்தைத் தூக்கினேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி கெடாலா, அப்படித்தான் இருக்கும். விடு.”

“கட்டியாவது போடுங்க. ஒருநாள் யாரையாவது கொல்லப் போவுது.”

“கட்டக் கூடாது. இன்னும் ஒரு மாசம்தான, பொறுத்துக்க.”

அந்த மாதத்திலேயே நடந்தது. மறுநாள் ஓர் ஊர்வலம் இருந்தது. பெண்குதிரையின் குளம்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும். கணவர் வேலைக்குப் போய்விட்டார். விடிந்ததிலிருந்தே கிடா மூச்சிரைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் முட்டித் திரிந்தது. ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து, சுருக்குப் போட்டுக்கொண்டு அதன் எதிரில் போய் நின்றேன். கழுத்தில் அந்த மஞ்சள் துணி வெளுத்துப்போய் இருந்தது. கட்டினால் நேர்த்திக்கடன் கெட்டுவிடும், கெட்டால் அது குதிரையின் உயிரில்தான் வந்து விடியும் என்று பயம் வந்தது. கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். குதிரை நன்றாக இருக்க வேண்டுமென்றுதான் மாட்டினேன். இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

பெண்குதிரையின் பின்னங்கால் ஒன்றைத் தூக்கி என் மடியில் வைத்து, கொக்கியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் தெறித்தது. கிடா உள்ளே பாய்ந்து, தரையில் ஊன்றியிருந்த இன்னொரு காலில் மோதியது. குதிரை அலறிக்கொண்டு திமிறியது, நான் சுவரில் போய் விழுந்தேன். அது கிடாவைக் குறிவைத்து உதைத்தது. உதை தவறியது. கால் தடுப்புப் பலகையை உடைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய் மாட்டியது. குதிரை முழுப் பலத்தோடு காலை இழுத்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஒருவழியாகக் கால் வெளியே வந்தது. முழங்காலுக்குக் கீழே அது தொங்கியது. மூன்று காலில் நடுங்கிக்கொண்டு நின்ற குதிரை, எழுந்து அருகில் போன என் தோளில், வழக்கமாகக் கடிக்கிற அதே இடத்தில், மூக்கை வைத்தது.

கிடா மறுபடி முட்டுவதற்குப் பின்வாங்கியது. மண்வாரி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. முதல் அடி முதுகில். இரண்டாவது அடியில் வலது கொம்பு அடியோடு ஒடிந்து தோலில் தொங்கியது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு எத்தனை அடி என்று தெரியாது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். நாய்கள் ஓடிவந்து கிடாவின் காலைக் கவ்வின. அவற்றுக்கும் ஆளுக்கொன்று விழுந்தது, விலா ஒடிந்து தேறியிருந்த நாயும் தப்பவில்லை. பூனை கூரைக்கு ஏறிவிட்டது. மண்வாரியின் பிடி முறிந்ததால்தான் நிறுத்தினேன். திரும்பினால், உடைந்த பலகை இடைவெளியில் ஆண்குதிரையின் கண் தெரிந்தது. அது பெண்குதிரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஊசி போடும்போது குதிரையின் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். கால்கள் மடங்கி விழுந்தபோது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

கணவர் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. குதிரையைப் பார்த்தார். மூலையில் ரத்தம் சொட்ட நின்ற கிடாவைப் பார்த்தார்.

“கொம்ப ஒடைச்சிட்டியா?”

“குதிர செத்துக் கெடக்கு. நீங்க கொம்பப் பாக்குறீங்களா?”

“சாமிக்கு விட்டதுடி அது!”

“ஒங்க சாமிதாங்க கொன்னுச்சு!”

கையை ஓங்கினார். அது என் கன்னத்துக்கு வரவில்லை. திரும்பிப் பலகையைக் குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார், விரல் முட்டிகள் கிழியும்வரை.

துக்க வருடம் முடிந்த அடுத்த வாரம் கிடாவைக் குளிப்பாட்டி வேனில் ஏற்றினோம். நானும் போனேன். அதன் கழுத்து துண்டாவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகவே போனேன். பூசாரி மஞ்சள் தண்ணீரோடு வந்தவர், ஒடிந்த கொம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

“யாருண்ணே இத அடிச்சது?”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான்தான்” என்றேன்.

“ஊனப்பட்டத சாமி வாங்காதுக்கா. வேற கெடா கொண்டாங்க.”

“அப்ப இத கறிக்குக் குடுத்துறவா?”

“சாமி பேரச் சொல்லி விட்டத யாருக்கா வாயில வைப்பா? அது சாவுற வரைக்கும் நீங்கதான் வச்சிப் பாக்கணும்.”

ஆத்திரத்தில் நான் போட்ட அடி அதன் உயிரைக் காப்பாற்றிவிட்டது. திரும்பி வரும்போது வேனின் பின்னால் அது அசைபோடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கணவர் வேறொரு கிடாவைக் கொடுத்து நேர்த்திக்கடனை முடித்தார். அதற்கு நான் போகவில்லை.

இதற்கிடையில் ஆண்குதிரை என்னை உள்ளே விடுவதை நிறுத்தியிருந்தது. நான் அரைக்கதவைத் தொட்டாலே பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு உதைக்கும். கணவர் வைத்த தீவனத்தையும் முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். விலா எலும்பு எழும்பிவிட்டது. இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். கிடாவோடு கோயிலிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, கிடா தானாகவே கதவை இடித்துத் திறந்துகொண்டு குதிரையிடம் போனது. நான் ஓடினேன், என்னையறியாமல் கை மண்வாரியைத் தேடியது. குதிரை தலையைத் தாழ்த்திக் கிடாவை முகர்ந்தது, ஒடிந்த கொம்பின் பக்கத்தில் அதிக நேரம் முகர்ந்தது. பிறகு இரண்டும் ஒரே தொட்டியில் புல் தின்றன.

இப்போதும் அந்தக் கிடாவை நாங்கள் கட்டுவதில்லை. நான் கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொண்டு ஒடுங்குகிறது, முன்பெல்லாம் அதற்கு அந்தப் பழக்கம் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெறுப்பாக இருக்கிறது, கிடாவின் மேல் அல்ல. தினமும் காலையில் அது முதலில் லாயத்துக்குள் போகிறது. வாளியையும் மண்வாரியையும் வாசலிலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நான் அதன் பின்னால் போகிறேன்.