பதினோரு பேர் மறுத்த ஊருக்கு ஒரு சனிக்கிழமை

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் கிண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு மாறுகிறது என்று எம்.டி.யின் கடிதம் வந்தது கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கூடவே ஒரு தாள். அதில் இரண்டே இரண்டு கட்டம்: ‘வருகிறேன்’, ‘வரவில்லை’. அடுத்த திங்களுக்குள் ஒன்றில் டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். ‘வரவில்லை’ என்றால் மூன்று மாதச் சம்பளம், ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

நாங்கள் நெல் அறுக்கும் மிஷின்களை விவசாயிகளுக்கு வாடகைக்கு அனுப்புகிறவர்கள். விவசாயி போன் செய்வார், கிண்டியில் பதிவு செய்வோம், டெல்டாவில் மிஷின் போய் நிற்கும். அந்தப் பதிவுப் பிரிவுக்குப் பதினான்கு வருஷமாக நான்தான் பொறுப்பு. பிறந்தது வளர்ந்தது பெரம்பூர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, மகள் பிளஸ் டூ. இந்த நிலைமையில் பெட்டியைக் கட்டு என்றால் யாருக்குத்தான் எரியாது?

கடிதத்தில் மூன்று காரணங்கள். வாடகை குறைவு. உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்குக் கிடைப்பார்கள். விவசாயிகளுக்கு அருகில் இருக்கலாம். மூன்றாவதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. போன தை அறுவடையில், திருவாரூர்ப் பக்கம் ஒரே ஊரில், மிஷின் வாசல் வரை போயும் பதினோரு பேர் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ‘மறுத்தார்’ என்று இருக்கிறது. வாசலுக்கே போனாலும் வேண்டாம் என்கிறவர்களுக்கு அருகில் போய் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

ஆகவே திட்டம் இது: அந்த ஊருக்கே போவது, ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது, எம்.டி. மேஜையில் வைத்துவிட்டு ‘வரவில்லை’யில் டிக் அடிப்பது. ஆபீஸில் இன்னும் முப்பது பேர் இதே குழப்பத்தில் இருக்கிறார்கள். அவர்களும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் பகல் ரயில். உட்கார்ந்து போகும் டிக்கெட், நூற்றைம்பது ரூபாய்க்குள்தான். பிளாட்பாரத்தில் காபி வாங்க வரிசையில் நின்றால் ஒரு பெரிய மனிதர் நைசாகக் குறுக்கே புகுந்தார். “சார், நாங்க எல்லாம் இங்க என்ன வேடிக்கையா பாக்குறோம்?” என்று கேட்டு அவரைக் கடைசிக்கு அனுப்பினேன். வரிசையில் முந்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ரேஷன் கடையிலும் சண்டை, கோயிலிலும் சண்டை. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் சேரும்போது மணி இரண்டு பத்து. ஸ்டேஷனிலிருந்து திருவையாறு ரோட்டில் புது ஆபீஸுக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றி எண்பது கேட்டார், கொடுத்தேன். கட்டடம் பழைய அரிசி ஆலை. கூரை உயரம், காற்று வருகிறது, தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. வாடகை கிண்டியில் கொடுப்பதில் நாலில் ஒரு பங்கு என்றார் வாட்ச்மேன். ஆனால் நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் இரண்டு முறை கரண்ட் போனது. ஜெனரேட்டர், அதற்கு டீசல் என்று போட்டால் முதல் காரணம் பாதிதான் நிற்கும். இரண்டாவது காரணத்துக்கு, எதிர் டீக்கடையில் நின்ற கல்லூரிப் பெண்கள் இருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “படிச்சு முடிச்சா மெட்ராஸ்தாங்க்கா” என்றார்கள் இருவரும். எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். பழைய பஸ் ஸ்டாண்ட் அருகில் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு லாட்ஜ் ரூம், சுத்தம், வெந்நீர் ஏழு மணிவரை மட்டும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கார். அரை நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு. டிரைவர் சேகர், பேச்சுக்காரர்.

“என்ன மேடம், நெலம் பாக்க வந்தீங்களா?”

“இல்லைங்க, என் வேலை இருக்குமா போகுமான்னு பாக்க வந்தேன்.”

“அதுக்குக் கோயிலுக்குல்ல போவணும், வயலுக்குப் போறீங்களே!”

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். உங்கள் கணக்கில் அரை மணி நேரம் சேர்த்தே கிளம்புங்கள். கொரடாச்சேரி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சம்பா முழங்கால் உயரத்துக்கு நின்றது, கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. பட்டியலில் முதல் பெயர் வசந்தா. வாய்க்கால் மதகடியில் விசாரித்ததும், அங்கே துணி அலசிக்கொண்டிருந்த பெண்ணே நிமிர்ந்து, “நான்தாங்க வசந்தா, சொல்லுங்க” என்றார். என் வயதுதான் இருக்கும். கணவர் குவைத்தில். மூன்று ஏக்கரை இவர்தான் பார்க்கிறார். மிஷின் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“போன வருஷம் மிஷின் வந்தும் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டீங்களே, ஏங்க?”

“யாரு வேணாம்னது?” அவர் முகம் மாறிவிட்டது. “வாங்க, வந்து பாருங்க.”

விறுவிறுவென்று வரப்பில் நடந்தார். நான் நாலாவது அடியிலேயே வழுக்கி ஒரு காலைச் சேற்றில் விட்டேன். வரப்பின் அகலம் ஒரு செருப்பு. இரண்டு வயல் தாண்டி நின்று, “இதுதான் எங்க வயலு. நீங்க வந்தீங்களே, இதைத் தவிர வேற பாதை இருக்கான்னு பாருங்க” என்றார். சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் அடுத்தவர் வயல். ரோடு தூரத்தில், கார் நின்ற இடத்தில்தான்.

“மொத ஆளா காலைல ஆறு மணிக்கே போன் போட்டேங்க. ஒண்ணாம் நம்பர் குடுத்தாங்க. மிஷினும் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா ரோட்டோரம் மீரான் பாய் வயல்ல கதிரு நிக்குது. அது மேலயா மிஷினை ஏத்திட்டு வர முடியும்? இங்க எப்பவும் ரோட்டோரத்து ஆளு மொதல்ல அறுத்து வழி விடுவாரு. கொஞ்சம் பச்சை இருந்தாலும் உள்ள இருக்கறவங்களுக்காக அறுத்துருவாரு. பாய் அன்னைக்கும் வந்து நின்னாரு, ‘என்னோடத அறுத்துக்கிட்டு அப்படியே உள்ள போங்கப்பா’ன்னு. மிஷின் டிரைவர் ஆபீஸுக்குப் போன் போட்டாரு. பாய் நம்பர் ஒம்போதாம். அங்க ஒரு அம்மா, வரிசைப்படிதான், யாரையும் முந்த விட முடியாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்களாம். உள்ள இருந்த யாருக்கும் அறுக்காமலே மிஷின் திரும்பிப் போயிருச்சு. ரெண்டு நாள்ல மழை. அம்புட்டும் படுத்துருச்சுங்க. தண்ணியில கெடந்து கதிர்லயே முளைச்சுப் போச்சு. மூணு ஏக்கரையும் மாட்டுக்குத்தான் அள்ளிப் போட்டேன்.”

அந்த அம்மா நான்தான்.

அந்தப் போன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்பதாம் நம்பர் யாரோ சிபாரிசில் முந்தப் பார்க்கிறார் என்று நினைத்து ஒரு பிடி பிடித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். மிஷின் போன இடத்தில் என்ன நடந்தது என்று எழுத எங்கள் படிவத்தில் மூன்றே கட்டம்: ‘அறுத்தாயிற்று’, ‘தள்ளிவைத்தார்’, ‘மறுத்தார்’. வயலுக்குள் போக முடியவில்லை என்று டிரைவர் சொன்னதற்குக் கட்டம் இல்லை. படிவத்தைத் தயாரித்ததும் நான்தான். பட்டியலை வசந்தாவிடம் காட்டினேன். ஒவ்வொரு பெயராகப் படித்துக்காட்ட, “உள்வயலு. உள்வயலு. இவரும் உள்வயலுதான்” என்று பதினோரு பேருக்கும் சொன்னார்.

சொல்லாமல் கார் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முடியவில்லை. “வரிசைப்படிதான்னு சொன்னது நான்தாங்க” என்றேன்.

வசந்தா என் பக்கம் திரும்பினார். “ஏன் உள்ள போவ முடியலன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்று கேட்டுவிட்டு வரப்பில் திரும்பி நடந்தார். வாய்க்கால் வந்ததும், “கால கழுவிக்கிட்டு வண்டி ஏறுங்க, காஞ்சா அரிக்கும்” என்றார். பிறகு, “இந்த வருஷம் நான் எப்ப போன் போட்டாலும் மொதல்ல பாய் பேரை எழுதுங்க. அடுத்து குறுக்க இருக்கற தங்கராசு. மூணாவதாத்தான் நான்” என்றார். பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வயலில் நெல்லைப் பறிகொடுத்த ஒருத்தர் தன் பெயரை மூன்றாவதாக எழுதச் சொல்கிறார். பிளாட்பாரத்தில் காபிக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பும் வழியில் சேகர் கேட்காமலே ஒரு டீக்கடையில் நிறுத்தினார். புண்ணியவான்.

மூன்று மணிக்குப் புது ஆபீஸான அந்த ஆலைக்குப் போனேன், கட்டட வேலையைப் பார்க்க எம்.டி. வந்திருந்தார். பட்டியலை நீட்டி நடந்ததைச் சொன்னேன். “தெரியும்மா. போன மார்ச்லயே அந்த ஊருக்குப் போயிட்டு வந்தேன்” என்றார்.

“பின்ன ஏன் சார் லெட்டர்ல அதை எழுதல? வாடகை, அது இதுன்னு எழுதியிருக்கீங்க?”

“எழுதினா உங்க பேரு வரும்ல. அந்தப் படிவத்துக்குக் கையெழுத்துப் போட்டது நான். உங்களை மட்டும் எப்படிக் கோத்து விடறது?”

நான் விடவில்லை. “ஒரு கட்டம் சேர்த்தா முடிஞ்சு போச்சு. அதுக்காக ஆபீஸையே தூக்கணுமா சார்?”

“புதுப் படிவத்துல சேர்த்தாச்சு. அடுத்து எந்தக் கட்டம் இல்லைன்னு கிண்டியில உட்கார்ந்து எப்படிம்மா தெரியும்? இதுவே ஒரு போகம் போனப்புறம்தானே தெரிஞ்சது.”

இரவெல்லாம் யோசித்ததில் என் முடிவு இது. வாடகைக் காரணம் பாதி உண்மை. ஆள் கிடைக்கும் என்பது ஆசை. மூன்றாவது மட்டும் முழு உண்மை, அதை எம்.டி. எழுதியதைவிட அழுத்தமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அதற்காகக் கணக்குப் பிரிவில் இருக்கிறவர்களையும் சேர்த்துத் தூக்குவது அநியாயம், அவர்கள் வேலை எங்கிருந்தாலும் ஒன்றுதான். அதையும் ஞாயிறு காலை அவருக்குப் போன் செய்து சொன்னேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: இரண்டு நாள் போதும், சாப்பாட்டோடு நாலாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். ஆபீஸ் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. ஒரு வயலுக்காவது போங்கள். வழுக்காத செருப்பு முக்கியம். மதகடியில் யாராவது இருப்பார்கள், தயங்காமல் பேசுங்கள்.

ஞாயிறு திரும்பும் ரயிலில் கணவருக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நானு?” என்றார். இப்போதைக்கு சனி ஞாயிறுகளில் ரயில்தான். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ இரண்டும் என் நிலைமைக்குப் பொருந்தவில்லை. பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் நானே போட்டேன். பக்கத்தில், ‘தை அறுவடைக்கு நான் மட்டும். மகள் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு’ என்று எழுதி டிக் அடித்தேன்.

விழுப்புரம் தாண்டியதும் லேப்டாப்பைத் திறந்து, பதினோரு பெயர்களிலும் ‘மறுத்தார்’ என்பதை ஒவ்வொன்றாக அழித்தேன். வசந்தாவின் பெயருக்கு நேராக, குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி இருக்கிறது: ‘இவர் மறுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.’