ஆறு மைல் தள்ளி ஒரு துப்பாக்கி

“இது உங்கள் துப்பாக்கியா, உங்கள் கணவருடையதா?” எனக்குச் சுடக் கற்றுத்தர வந்த பெண் முதல் நாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்களுடையது என்றேன். அவள் சூயிங்கம் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு துப்பாக்கி இரண்டு பேருக்குப் பொருந்தாது, உள்ளங்கை வேறு, விரல் நீளம் வேறு, யாருக்கென்று சொன்னால்தான் சொல்லித்தர முடியும் என்றாள். எங்கள் வீட்டில் கார், போர்வை, கைப்பேசி சார்ஜர் எல்லாமே எங்களுடையதுதான். பல் துலக்கும் பிரஷ் மட்டும்தான் தனித்தனி. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவைத்தேன். மூன்று மாதம் ஆகிறது. இன்னும் எங்களுடையது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், பெரிய நகரம் எதற்கும் பக்கத்தில் இல்லாத ஒரு சிறிய ஊர். இங்கே மீன் தூண்டில் விற்கும் கடையிலேயே அடுத்த அலமாரியில் துப்பாக்கி இருக்கும். என் கணவருக்குக் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வெளியூரில் தங்கவேண்டும். அந்த இரண்டு நாளும் நானும் மூன்று வயது நிலாவும் மட்டும் வீட்டில் இருப்போம். அவரோடு வேலை செய்பவர்கள் என்ன சொன்னார்களோ, கிரீன் கார்டு வந்த மூன்றாம் மாதம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவந்துவிட்டார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நிபந்தனைகள் போட்டேன். எனக்குச் சுடத் தெரியும்வரை அது வீட்டுக்குள் வரக்கூடாது. சுடுவதற்குப் பயிற்சி எடுக்கும் ரேஞ்சிலேயே சின்னப் பெட்டகங்களை வாடகைக்குத் தருகிறார்கள், அங்கே இருக்கட்டும். நான்கு சனிக்கிழமை போய்க் கற்றுக்கொள்வேன். அதன்பிறகு அது வீட்டுக்கு வருமா வராதா என்பதை நான்தான் முடிவு செய்வேன். கள்ளக்குறிச்சியிலிருந்து அப்பா ஆறு மாதம் தங்க வருகிறார், அவர் வருவதற்குள் முடிவு தெரிந்துவிடவேண்டும். என் கணவர் எல்லாவற்றுக்கும் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்பா வருவதை ஏன் சேர்த்தேன் என்று சொல்லவேண்டும். கச்சிராயபாளையம் சாலையில் அவருக்கு லேத் பட்டறை. பம்புசெட் ஷாஃப்ட், டிராக்டர் பின், கரும்பு பிழியும் எந்திரத்துக்கு உருளை என்று இரும்பில் எது கேட்டாலும் கடைந்து கொடுப்பார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஒரு கையில் தேன் பாட்டில், இன்னொரு கையில் சாக்கில் சுற்றிய இரும்புக் குழாய். அரைநாள் உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் சாக்கைப் பிரித்துக் காட்டினார். நாட்டுத் துப்பாக்கிக்குக் குழாய் உள்பக்கம் வழுவழுப்பாக வேண்டுமாம். அப்பா அவருக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“பன்னி உங்க சாமைய மொத்தமாத் துன்னுட்டுப் போவுது, தெரியுதுங்க. ஆனா இது என் கையால ஆவாது. நாளைக்கு போலீஸு வந்தா உங்கள மலையில தேடிக்கினு இருக்காது. நேரா என் வூட்டுக்குத்தான் வரும்.”

“உன்னிய தப்பு சொல்லலபா. கேட்டுப் பாத்தேன், அவ்ளோதான்,” என்று அவர் குழாயைச் சுற்றிக்கொண்டார். தேனைத் திருப்பி எடுத்துப்போக மறுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பகுதியில் இருந்த லேத் பட்டறைகளை எல்லாம் விசாரிக்கிறோம் என்று இரண்டு காவலர்கள் உண்மையாகவே வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு அப்பாவால் போல்ட்டில் ஒரு மரைகூட வெட்ட முடியவில்லை, லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அடுத்த தீபாவளிக்குத் தம்பி பொட்டுவெடித் துப்பாக்கி கேட்டு அழுதான். “பட்டறைக்காரன் வூட்ல அந்த உருவமே வாணாம்” என்று சொல்லிவிட்டார். அவர் வருகிற வீட்டில் நான் நிஜத் துப்பாக்கியை வைக்கப்போகிறேனா என்பதுதான் என் கவலை.

முதல் சனிக்கிழமை. எனக்குச் சொல்லித்தர வந்தவள் கெய்லா, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். ரோஸ் நிற நகச்சாயம். என்னை “மேம்” என்று கூப்பிட்டாள். விதிகளை எல்லாம் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தாள். நான் நல்ல மாணவி, ஒன்றுகூட விடவில்லை. காலித் துப்பாக்கியைத் திறந்து காட்டி மேசையில் வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் இரண்டு கையாலும் எடுத்து, தலை குனிந்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன்.

அடுத்த நொடி அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. யாரோ “சீஸ்ஃபயர்” என்று கத்தினார்கள். பத்துப் பேர் சுட்டுக்கொண்டிருந்த கூடம் அமைதியாகிவிட்டது. என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினாள். பிறகு மிகவும் கனிவாகக் கேள்விகள் கேட்டாள். சரியாகத் தூங்குகிறேனா? குழந்தை பிறந்தபிறகு மனம் எப்படி இருக்கிறது? கணவர் நன்றாக நடத்துகிறாரா? இதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் உண்மையாகப் பதில் சொன்னேன். தூக்கம் கம்மி. கணவர் நல்லவர். எங்காவது காணாமல் போய்விடலாம் என்று தோன்றியதுண்டா என்றாள். அடிக்கடி, ஒரு மணி நேரமாவது, என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

வெளியே நிலாவை வைத்துக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டார்கள். நடந்ததைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கைப்பேசியில் ஆயுத பூஜைப் படங்களைத் தேடி எடுத்துக் காட்டினார்: சந்தனம் வைத்த லேப்டாப், பொட்டு வைத்த புல் வெட்டும் எந்திரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு எங்கள் கார். எங்கள் அப்பா அளவெடுக்கும் கருவியிலிருந்து சுத்தியல்வரை எதை முதலில் கையில் எடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார், பள்ளிவிட்டு வந்து அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த எனக்கும் அது ஒட்டிக்கொண்டது என்று நான் விளக்கினேன். கெய்லா லேப்டாப் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

“அப்படியானால் நன்றி சொல்கிறீர்களா?”

“இல்லை. தொடுவதற்கு முன்னால் செய்வது.”

“அனுமதி கேட்கிறீர்களா?”

எனக்குத் தெரியவில்லை. யாரும் இதற்கு விளக்கம் சொன்னதில்லை. கெய்லா யோசித்துவிட்டு, சத்தம் கேட்காமலிருக்க மாட்டும் காது மூடியை ஒற்றிக்கொள்ளுங்கள், அது யாரையும் கொல்லாது என்றாள். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம், என்னைக் காப்பாற்றுவதற்காக முன்பின் தெரியாத ஒருத்தி அவ்வளவு வேகமாகக் கையை நீட்டினாளே என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நான் சொல்லியதில் பாதி உண்மைதானே என்றும் நினைத்தேன்.

புதுத் துப்பாக்கி என்றால் புதுச்செருப்பு மாதிரி கடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதன் ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. குண்டு ஏற்ற மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து இழுத்துக் கட்டைவிரலில் தோல் உரிந்தது. கையால் இழுக்காதீர்கள், உடம்பால் தள்ளுங்கள் என்று கெய்லா சொன்னதும் எனக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. லேத்தில் இரும்பைக் கவ்வும் ‘சக்’ என்ற பிடியைத் திருகும்போது அப்பாவும் தோளைத்தான் கொடுப்பார். அப்படிச் செய்தேன், திறந்துகொண்டது. சுட்டதெல்லாம் இடப்பக்கம் கீழே போய் விழுந்தது. மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் பலூன் சுட்டபோது செய்தமாதிரி ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, விசையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் கெய்லா எனக்குத் தெரியாமல் நடுவில் வெடிக்காத தோட்டாக்களைக் கலந்து போட்டாள். சத்தமே இல்லாத அந்தத் தோட்டா வந்தபோது என் கை தானாகவே கீழே குத்தி இறங்கியதை நானே பார்த்தேன். வெடிப்பதற்கு முன்பே பயந்துகொண்டிருக்கிறேன். இதை ஒரு துப்பாக்கி கண்டுபிடித்துச் சொல்லவேண்டியிருந்தது. காய்ச்சல் வருமுன் நிலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள் நான்.

மூன்றாம் வாரம் சுட்டதும் சூடான காலித் தோட்டாக் கூடு ஒன்று தெறித்து என் சுடிதார் கழுத்துக்குள் விழுந்தது. குதிக்கவில்லை. விரலை எடுத்து, துப்பாக்கியைக் கீழே வைத்து, அதன்பிறகுதான் திரும்பிக்கொண்டு உதறினேன். பழகியவர்களே இதற்குக் குதித்து நடனம் ஆடுவார்கள் என்று கெய்லா பாராட்டினாள். நிலா பிறந்தபிறகு என்னை ஒருவர் பாராட்டி வெகுநாள் ஆகியிருந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, சிறிய பிறை மாதிரி. சாம்பார் தெறித்தது என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது அப்பா போன் செய்தார்.

“இன்னாம்மா, சனிக்கெழமன்னா போனே எடுக்கமாட்டன்ற?”

“கிளாஸ் போறேன்பா.”

“இன்னா கிளாஸு?”

“கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி மாதிரி.”

“டைப்பிங்கா? நல்லது. கைவேல ஒண்ணு கத்துக்கினா எங்க போனாலும் பொழச்சிக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அங்க இன்னா வெடிச் சத்தம்? யாரு வூட்லயாவது சாவா?”

“இல்லப்பா. கட்டட வேலை நடக்குது.”

“சனிக்கெழமையுமா வேல செய்றான்? பரவால்லயே.”

அப்பாவிடம் நான் பெரிய பொய் சொன்னதில்லை. அன்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, காருக்குள் உட்கார்ந்து சிரிக்கவும் செய்தேன். அதுதான் பிறகு உறுத்தியது.

நான்காம் சனிக்கிழமை பத்துக் குண்டும் ஒரு சாஸர் தட்டு அளவு வட்டத்துக்குள் போயின. குறிவைத்துச் சுட்ட அந்தக் காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “இன்னா, போலீஸ்காரி மாதிரி நடக்கிற?” என்று இவர் கிண்டல் செய்தார். திருக்கோவிலூர்க்காரர், ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தால் கிண்டல் ஜாஸ்தியாகும். வீட்டில் வைக்க ஒரு இரும்புப் பெட்டியும் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தார். விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும். என் விரல், அவர் விரல், இரண்டு மட்டும்.

எனக்கு மனம் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. துப்பாக்கிக்குப் பதிலாகப் பெட்டிக்குள் சாக்லேட் வைத்தேன். நிலாவின் கண்முன்னாலேயே வைத்து, என் விரலால் திறந்து காட்டி, மூடினேன். முதல் நாள் அவள் பெட்டியை அடித்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் அதனிடம் “ப்ளீஸ்” என்று கேட்டாள். மூன்றாம் நாள் தன் விரலை வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி வென்றுவிட்டது என்று இவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படுக்கையறையில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இவர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கட்டிலோரம் தொங்கிய அவர் கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பெட்டியில் வைத்தபடி என் மகள் நிற்கிறாள். வாயெல்லாம் சாக்லேட்.

“அப்பா தொறந்தாங்க,” என்றாள்.

எழுப்பிக் காட்டினேன். அவர் தன் விரலையே பார்த்தார். பிறகு, “அது வீட்டுக்கு வேணாம்” என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் கிளம்பியபோது, வேண்டாம், ரேஞ்சிலேயே இருக்கட்டும் என்று என் வாய் சொல்லிவிட்டது.

“ஆறு மைல் தள்ளி இருக்கிற துப்பாக்கி வீட்டுக்கு எப்படிங்க மேடம் காவலாவும்?”

“திருடன் சனிக்கிழமை பத்து மணிக்கு ரேஞ்சுக்கு வரட்டும்.”

சிரித்தோம். ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. காது மூடியிருக்கிறது. காய்ச்சல், பள்ளிச் சேர்க்கை, அப்பாவின் இரத்த அழுத்தம் எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. முடிந்ததும் பிரித்து, துடைத்து, எண்ணெய் போடுகிறேன். அந்த எண்ணெய் நாற்றத்தில் பட்டறையின் மாலை நேரம் அப்படியே இருக்கிறது. நல்ல அம்மாக்கள் யோகா வகுப்புக்குப் போவார்களோ என்னவோ. எனக்கு இதுதான் கைவந்திருக்கிறது.

வரும் பதினேழாம் தேதி அப்பா வருகிறார். அம்மா தம்பியின் கைக்குழந்தையை விட்டுவிட்டு வரமுடியாதாம், தனியாகத்தான் வருகிறார். என் டைப்பிங் வகுப்பைப் பார்க்கவேண்டுமென்று இப்போதே சொல்லிவிட்டார். அவரை எனக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கியைக் கண்டால் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்து, குழாயின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதை எப்படிக் கடைந்தான் என்று கேட்பார். அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுக்கலாமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கொடுத்தால், ஊருக்குத் திரும்பிப்போய் மகள் துப்பாக்கி சுடுகிறாள் என்ற விஷயத்தோடு பட்டறையில் நிம்மதியாக உட்கார முடியுமா அவரால்? கொடுக்காவிட்டால், ஆறு மாதமும் நான் பொய் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், அல்லது ஆறு மாதமும் போகாமல் இருக்கவேண்டும்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு சிக்னல். இடப்பக்கம் திரும்பினால் நாற்பது மைலில் முருகன் கோயில், வலப்பக்கம் ஆறு மைலில் ரேஞ்ச். அப்பா வந்தபிறகு வரும் முதல் சனிக்கிழமை அவர் நெற்றி நிறைய விபூதியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நிலா பின்னால் பாடிக்கொண்டிருப்பாள். விளக்கு பச்சையாகும். இதைப் படிக்கிற உங்களில் அப்பாவிடம் இப்படி எதையாவது சொன்னவர்கள் இருப்பீர்கள், சொல்லாமல் விட்டவர்களும் இருப்பீர்கள். நான் எந்தப் பக்கம் திரும்பட்டும் என்று, பதினேழாம் தேதிக்கு முன்னால், தயவுசெய்து எழுதுங்கள்.