போட்டோவில் நிற்காதவன்

கூடைப்பந்தில் எனக்கு இருக்கும் உத்தியோகத்துக்கு கெஸ்ட் பிளேயர் என்று பெயர். எங்காவது ஓர் அணிக்கு ஆள் குறையும், போன் வரும், கிட் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். போன மாதம் நான் எதிர்த்து ஆடிய அணியே இந்த மாதம் கூப்பிடும். சம்பளம், சாப்பாடு, லாட்ஜில் ஒரு கட்டில். நிரந்தர வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவர்கள், என் முழங்கால் தேய ஆரம்பித்ததும் போனை எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை வாங்கியதும் எடுக்கும் குரூப் போட்டோவில் கெஸ்ட் நிற்கக் கூடாது. அந்தப் படம் அவர்களுடைய ஆபீஸ் சுவரில் தொங்கும். அதில் சொந்த ஆட்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். முதல் தடவை ஒரு மேனேஜர் என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். அதற்குப் பிறகு யாரும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கேமராவைக் கண்டாலே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிடுவேன். கறிவேப்பிலைக்கு ரோஷம் வரலாமா?

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆரணியில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறார். நான் கோப்பையோடு நிற்கும் படம் ஒன்று வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹாலில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார். போட்டோகிராபர் இன்னும் அனுப்பவில்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தேன்.

இந்த வருஷம் ஆரணியிலேயே போட்டி. பட்டு வியாபாரிகள் சேர்ந்து வைத்த கோப்பை. வெளியூர் மில் அணி ஒன்று என்னை அழைத்தது. இறுதி ஆட்டம் எங்கள் ஊர் அணியோடேயே அமைந்துவிட்டது. அம்மா முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார், சர்ச்சுக்குக் கட்டும் புடவையில்.

கடைசி நிமிஷத்தில் நான் போட்ட கூடையால்தான் மில் அணி ஜெயித்தது. கைதட்டல் இல்லை. நான் ஓடி விளையாடிய ஊர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மா மட்டும் எழுந்து நின்று தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

கோப்பையைக் கொடுத்தார்கள். போட்டோகிராபர் வரிசையாக நிற்கச் சொன்னார். பழக்கதோஷம், போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஷூவை அவிழ்த்த பிறகுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் அந்த வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். நானே எழுந்து போய் நின்றிருக்கலாம். யாராவது ஒருவர் ‘வா’ என்று கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. தோசை ஊற்றிப் போட்டார்.

காலையில் எழுந்து வந்தால், நான் போட்டு ஆடிய ஜெர்ஸி துவைத்து, இஸ்திரி போட்டு, ஹாங்கரோடு அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“போட்டோ இல்லாங்காட்டி போவட்டும்டா. இது தொங்கிகினு இருக்கட்டும்,” என்றார் அம்மா. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மில் அணி மேனேஜர். பஸ் கிளம்பப் போகிறது, ஜெர்ஸியைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போ என்றார். அடுத்த போட்டியில் அதை வேறு ஆள் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அம்மாவிடம் சொல்லிவிட்டு, அதை எடுத்து மடித்தேன்.

வெறும் ஹாங்கரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்.

“அதுவும் உன்து இல்லியா?”